முதலில் இஞ்ச் டேப், பிறகு எலி

கொறித்துத் தின்னும் சிறு செல்லப் பிராணிகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் இரண்டு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி, "எது அழகு?" என்று கேட்கின்றன. அழகு பார்த்துச் சொல்ல நான் ஆள் இல்லை. ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் இருபத்தாறு ஆண்டுகள் விலங்குக்கூட உதவியாளனாக இருந்தவன். எலிகளுக்கும் கினிப்பன்றிகளுக்கும் தீனி வைத்து, கூண்டு கழுவியே ஓய்வு பெற்றேன். இப்போது வில்லிவாக்கத்து வீட்டுக் கூடத்தில் இரண்டு பெண் கினிப்பன்றிகள் என்னை வேலை வாங்குகின்றன. இவற்றின் வயிறும் இவற்றுக்கு வேண்டிய இடமும்தான் எனக்குத் தெரியும். அதைச் சொல்கிறேன்.

*

மகளுக்கு ஒன்பது வயது. ஹாம்ஸ்டர் வேண்டும் என்று ஆறு மாதமாகக் கேட்கிறாள். இரண்டு படுக்கையறை அடுக்ககத்தில் இருக்கிறோம். கடையில் ஒன்றரை அடி நீளத்தில் மாடி, ஏணி, சக்கரம் எல்லாம் வைத்த வண்ணக் கூண்டு காட்டினார்கள். அது போதுமா? அல்லது கினிப்பன்றி வாங்கலாமா?
— வாசகி, மேடவாக்கம்

போதாது அம்மா. அந்த வண்ணக் கூண்டை நானும் பார்த்திருக்கிறேன். ஏணியும் மாடியும் நம் கண்ணுக்காக வைத்தவை. ஹாம்ஸ்டருக்குப் பார்வை மட்டம். உயரம் தெரியாமல் மாடியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொள்ளும். அது வளை தோண்டி வாழ்கிற, எலி போன்ற பிராணி. அதற்கு வேண்டியது தரைப்பரப்பும், தரைக்கு அடியில் ஆழமும்.

ஜெர்மனியில் விலங்கு நலனுக்காக இயங்கும் கால்நடை மருத்துவர் சங்கம் ஒன்று, ஹாம்ஸ்டருக்குக் குறைந்தபட்சம் 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் வேண்டும் என்கிறது. அதாவது 5,000 சதுர செ.மீ. தரை. உங்களுக்குக் காட்டிய கூண்டின் அகலம் ஓரடி என்று வைத்துக்கொண்டால் 1,350 சதுர செ.மீ.தான் வருகிறது. அப்படி நான்கை ஒட்டவைத்தால்தான் கணக்கு நேராகும். கடைக்காரர் மாடியின் பரப்பையும் கூட்டிச் சொல்வார். தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

கூண்டை விட்டுவிட்டு மீன்தொட்டிக்குப் போங்கள். கொளத்தூரில் வண்ணமீன் கடைத் தெருவில் நான்கடிக்கு ஒன்றரையடித் தொட்டி எளிதாகக் கிடைக்கும். 120க்கு 45 என்றால் 5,400 சதுர செ.மீ. வந்துவிடும். அகலம் மட்டும் ஐந்து செ.மீ. குறையும். அதற்காக நான் சண்டை போட மாட்டேன். ஒழுகுகிற தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். மீனுக்கு ஆகாதது எலிக்கு ஆகும், விலையும் பாதிக்குக் கீழே வரும். மேலே மரச்சட்டம் அடித்து, ஜன்னலுக்கு அடிக்கும் இரும்பு வலையைப் போட்டு மூடுங்கள். நைலான் கொசுவலை ஒரே இரவில் ஓட்டையாகிவிடும். சுவரோரம், வெயில் படாத இடத்தில், தரையிலோ உறுதியான பெஞ்சிலோ வையுங்கள். கண்ணாடித் தொட்டி வெயிலில் நின்றால் அடுப்புதான்.

உள்ளே பத்து அங்குலத்துக்குக் குறையாமல் படுக்கை நிரப்ப வேண்டும். அச்சடிக்காத தாளைக் கிழித்தும் போடலாம், கடையில் விற்கும் காகிதப் படுக்கையும் போடலாம். தச்சுப் பட்டறையில் இலவசமாகக் கிடைக்கிறதே என்று மரத்தூளை அள்ளி வராதீர்கள். பிளைவுட் பசையும் பாலீஷும் கலந்த தூள் அதன் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. உமியும் வேண்டாம், தூசியும் முள்ளும்தான். ஒரு மூலையில் அகலக் கிண்ணத்தில் சலித்துக் கழுவிக் காயவைத்த ஆற்றுமணல் வையுங்கள். அதில் புரண்டு உடம்பைச் சுத்தம் செய்துகொள்ளும். தண்ணீரில் குளிப்பாட்டக் கூடாது. சக்கரம் 28 செ.மீ. விட்டமாவது இருக்கட்டும். கடைக்கூண்டோடு வரும் சிறு சக்கரத்தில் ஓடினால் முதுகு வளையும். கால் மாட்டாதபடி ஓடும் தளம் பலகை போல அடைப்பாக இருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் உங்கள் மகளுக்கு ஹாம்ஸ்டர் பொருந்துமா என்பது எனக்குச் சந்தேகம். காரணம் நேரம். பள்ளி விட்டு நான்கரை மணிக்கு வரும் குழந்தைக்கு அது தூங்கும் பஞ்சுருண்டைதான். எழுப்பினால் கடிக்கும். அது விழிக்கும் நேரத்தில் குழந்தை தூங்கியிருக்கும். இரவு பதினோரு மணிக்கு அதோடு உட்காரப்போவது நீங்களோ உங்கள் கணவரோதான்.

கினிப்பன்றி பகலிலும் விழித்திருக்கும், அரிதாகத்தான் கடிக்கும், ஆளை அறியும். எங்கள் வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் கதவு திறக்கும் ஓசைக்கே இரண்டும் விசில் அடிக்கத் தொடங்கிவிடும். ஆனால் ஒன்றாக வாங்கக் கூடாது, இரண்டாக வாங்க வேண்டும். தனியே விட்டால் ஏங்கிப்போகும். சுவிட்சர்லாந்தில் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி கினிப்பன்றியைத் தனியாக வளர்ப்பதே சட்டப்படி தவறு. இரண்டுக்கு எட்டு சதுர அடி என்பது குறைந்த அளவு. இரண்டடிக்கு ஐந்தடி கொடுத்தால் ஓடுவதையும், சந்தோஷத்தில் பொரி பொரிவதுபோல் துள்ளுவதையும் பார்க்கலாம். பக்கச்சுவர் பதினான்கு அங்குலம் போதும், தாண்டாது. பெட்டிபோல் மடிக்க சன்பேக் ஷீட் என்ற பிளாஸ்டிக் அட்டை, மேலே பழைய பருத்தித் துண்டுகள். தரை ஓடு கறைபடாமல் இருக்க அடியில் ஃபிளக்ஸ் பேனர் ஒன்றைக் கவிழ்த்து விரியுங்கள். நம் ஊரில் தேர்தல் முடிந்தால் அதற்குப் பஞ்சமில்லை.

தீனியில் முக்கால் பங்குக்கு மேல் புல்தான் இருக்க வேண்டும். இறக்குமதிப் புல் வாங்கக் கட்டாயமில்லை. பிள்ளையார் கோவில் வாசலில் கட்டுக்கட்டாக விற்கும் அறுகம்புல் அருமையான தீனி. கழுவி, ஈரம் உலர்ந்ததும் போடுங்கள். சாலையோரப் புல்லைப் பறிக்காதீர்கள், நாய்கள் அதை வேறு காரியத்துக்கு வைத்திருக்கின்றன. குதிரைமசால் என்ற தீவனப் பயிர் குட்டிகளுக்கும் சினைக்கும் சரி. வளர்ந்ததற்குத் தினமும் போட்டால் சுண்ணாம்புச்சத்து கூடிச் சிறுநீரில் கல் சேரும். நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடலாலும் வைட்டமின் சி தயாரித்துக்கொள்ள முடியாது. தினம் ஒரு துண்டு குடைமிளகாய், ஒரு பிடி கொத்தமல்லி கொடுங்கள். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கூடாது.

இன்னொன்று. ஹாம்ஸ்டரின் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டு. கினிப்பன்றி ஐந்து முதல் எட்டு ஆண்டுவரை இருக்கும். மகள் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்குப் படிக்கும்போது கூண்டைக் கழுவப்போவது யார் என்பதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பழைய நாளிதழ்களை ஒட்டி இரண்டடிக்கு ஐந்தடியாக வெட்டிக் கூடத்தில் விரியுங்கள். ஒரு வாரம் அதை மிதிக்காமல் வீட்டில் நடமாடுங்கள். முடிந்தால் கினிப்பன்றி. நான்கே நாளில் யாராவது அதைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் செருகினால், தொட்டியும் ஹாம்ஸ்டரும். வளர்ப்பவர் நீங்கள், மகள் வேடிக்கை பார்ப்பவள். அதற்கும் இடமில்லை என்றால் எதுவும் வேண்டாம்.

*

என் ஹாம்ஸ்டர் இரவு முழுக்கக் கூண்டுக் கம்பியைக் கடிக்கிறது. பல் வளர்வதால் கடிக்கிறது, விட்டுவிடு என்கிறான் அண்ணன். சரியா?
— ஏழாம் வகுப்பு மாணவன், ஈரோடு

அண்ணன் சொன்னதில் பாதி சரி தம்பி. கொறிவிலங்குகளின் முன்பற்கள் சாகும்வரை வளரும். அதைத் தேய்க்க மரக்குச்சி போதும், கம்பி வேண்டாம். கம்பியைக் கடிப்பது பெரும்பாலும் வேறு சங்கதி. வெளியே போக வழி தேடுகிறது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். சில ஹாம்ஸ்டர்களுக்கு 10 செ.மீ. ஆழப் படுக்கை, சிலவற்றுக்கு 40, சிலவற்றுக்கு 80. பத்து செ.மீ. படுக்கையில் இருந்தவைதான் கம்பியை அதிகம் கடித்தன, சக்கரத்திலும் அதிகம் ஓடின. சிரியாவில் வயல்வெளி ஹாம்ஸ்டர்களின் வளைகளைத் தோண்டிப் பார்த்தவர்கள், அவை சராசரியாக 65 செ.மீ. ஆழம் இருந்ததைக் கண்டார்கள். இரண்டடிக்கும் மேலே! உன் கூண்டின் அடித்தட்டு எவ்வளவு ஆழம் என்று அடிக்கோலை வைத்துப் பார். மூன்று அங்குலம் இருந்தால் அதிகம்.

உனக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் விலங்குக்கூடத்தில் கினிப்பன்றிகள் கம்பித்தரைக் கூண்டில் இருந்தன. கழிவு கீழே விழுந்துவிடும், கழுவ எளிது. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஆறு மாதத்தில் ஒன்றன் பாதம் வீங்கிப் புண்ணாகி, அது நடக்காமல் ஒரே மூலையில் உட்கார்ந்துவிட்டது. துறைப் பதிவேட்டில் அதன் பெயர் "சீமைப் பெருச்சாளி எண் 14". கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு மருந்து எழுதவில்லை. கம்பித்தரையைக் காட்டி, "செருப்பில்லாமல் இதன்மேல் ஒரு மணி நேரம் நில்லுங்கள்" என்றார். நான் நிற்கவில்லை. ஆனால் அன்று மாலையே பலகைகளை அறுத்துத் தரையாகப் போட்டேன். கழுவும் வேலை இரண்டு மடங்கானது. எண் 14 அதற்குப் பிறகு மூன்று வாரம்தான் இருந்தது.

உன் பக்கத்துக்கு வருகிறேன். அப்பாவிடம் கேட்டு, ஒரு பெரிய மீன்தொட்டி வாங்கும்வரை, இருக்கும் கூண்டின் ஒரு பக்கத்தில் ஆழமான அட்டைப்பெட்டியை இணைத்து அதில் தாள்துண்டுகளை நிரப்பிக் கொடு. பெட்டியைக் கடித்து நாசம் செய்யும், செய்யட்டும். அதற்கு அது வேலை. ஆனால் ஓட்டை விழுகிறதா என்று காலை, மாலை இரண்டு வேளையும் பார். தீனியைக் கிண்ணத்தில் வைக்காமல் படுக்கையில் தூவிவிடு, தேடித் தின்னட்டும்.

*

ஜோடியாக இருக்கட்டும் என்று இரண்டு ஹாம்ஸ்டர் வாங்கினோம். ஒரு வாரமாகக் கடித்துக்கொண்டு ரத்தம் வருகிறது.
— வாசகர், திருச்சி

இந்த வரியைப் படித்து முடித்ததும் எழுந்து போய்ப் பிரித்துவிடுங்கள். ஒன்று தற்காலிகமாக வாளியில் இருந்தாலும் பரவாயில்லை. சிரிய ஹாம்ஸ்டர் வளர்ந்த பிறகு தன் இனத்தைத் தன் எல்லைக்குள் பொறுக்காது. ஒன்று மற்றதைக் கொன்றுவிடும்.

அதன் சரித்திரமே அப்படி. 1930இல் சிரியாவின் அலெப்போ நகருக்கு அருகே ஒரு வயலைத் தோண்டி ஒரு தாயையும் குட்டிகளையும் எடுத்து, ஜெருசலேமுக்குக் கொண்டுபோனார் இஸ்ரேல் அஹரோனி என்ற விலங்கியலாளர். பெட்டியில் வைத்ததும் தாயே குட்டியைக் கொன்றது. மிஞ்சிய சில குட்டிகளின் வம்சம்தான் இன்று உலகெங்கும் கடைகளில் விற்கும் சிரிய ஹாம்ஸ்டர்கள், ஏறக்குறைய எல்லாமே. தாத்தா பாட்டி ஒன்றாக இருந்தாலும் ஒட்டுறவு கிடையாது.

*

வெள்ளை எலி வளர்க்க ஆசை. "வீட்டிலிருக்கும் எலியையே துரத்த முடியவில்லை, விலைகொடுத்து வேறு வாங்குவாயா?" என்கிறார் அம்மா.
— வாசகர், திருநெல்வேலி

அம்மாவின் கேள்வி நியாயமானது, சிரிக்காதீர்கள். வீட்டெலியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். அது உங்கள் வளர்ப்பெலிக்கும் தொற்றும், உங்களுக்கும் தொற்றும். வீட்டெலி வரும் ஓட்டைகளை முதலில் அடையுங்கள், பிறகு வாங்குங்கள். அந்த வரிசை மாறக் கூடாது.

மற்றபடி என் மனத்துக்கு மிக நெருக்கமானது எலிதான். பெயர் சொன்னால் வரும், தோளில் உட்காரும். விலாவில் விரலால் கிச்சுக்கிச்சு மூட்டினால் நம் காதுக்கு எட்டாத உச்சக் குரலில் கிறீச்சிடுகிறது என்று ஜாக் பாங்க்செப் என்ற ஆய்வாளர் கருவி வைத்துக் கண்டுபிடித்தார். அதை ஒருவகைச் சிரிப்பு என்றே அவர் கருதினார். எங்கள் விலங்குக்கூடத்தில் அப்படி விளையாடியதற்காக ஒருமுறை திட்டு வாங்கியவன் நான். அப்போது அவர் பெயரைச் சொல்லித் தப்பிக்கத் தெரியவில்லை.

இரண்டும் ஆண், அல்லது இரண்டும் பெண் என்று குறைந்தது இரண்டு எலி வளர்க்க வேண்டும். ஹாம்ஸ்டருக்குச் சொன்னதற்கு மாறாக, எலிக்கு உயரம் வேண்டும். அது ஏறும், தொங்கும், கயிற்றில் நடக்கும். துணி மாட்டும் பழைய அலமாரி ஒன்றின் கதவைக் கழற்றி, அரை அங்குலக் கண் உள்ள வலை அடித்தால் போதும். உள்ளே குறுக்காகப் பலகைகள், பழைய ஜீன்ஸ் துணியில் தைத்த ஊஞ்சல் படுக்கைகள். ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டுதான். பெண்ணெலிகளுக்கு மார்பில் கட்டி வருவது சாதாரணம். மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

"பிள்ளையார் வாகனம்" என்று சொல்லி அம்மாவை மடக்க நினைத்தால், ஒரு எச்சரிக்கை: மூஞ்சூறு எலியே அல்ல. பூச்சி தின்னும் வேறு இனம். அம்மாவுக்கு அது தெரிந்திருந்தால் அவமானம் உங்களுக்குத்தான்.

*

மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு ஆறு கினிப்பன்றி வளர்க்கலாம் என்று இருக்கிறோம். இடம் தாராளமாக இருக்கிறது.
— வாசகர், மதுரை

இடம் தாராளம்தான், வெயிலும் தாராளம். கினிப்பன்றி தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியிலிருந்து வந்தது. வெப்பம் 28 டிகிரியைத் தாண்டினாலே அவதிப்படும். மதுரைத் தகரத்தின் கீழே மே மாதம் ஒரே மதியத்தில் ஆறும் போய்விடும். பூனை, காக்கை, பெருச்சாளி வேறு.

கீழ்வீட்டில் வடக்குப் பார்த்த அறையின் தரையில் வையுங்கள். கோடையில் நான் செய்வது: அகல வாய் மண்பானையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, மேலே ஈரத்துணி சுற்றிவிடுவேன். உள்ளே குளுகுளுவென்று இருக்கும். பதினோரு மணிக்குள் இரண்டும் பானைக்குள் போய்விடும். உறையவைத்த தண்ணீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தால் அதில் சாய்ந்து படுக்கும். வாய் திறந்து மூச்சு வாங்கி, பக்கவாட்டில் சரிந்தால் காதுகளையும் பாதங்களையும் சாதாரணத் தண்ணீரால் நனைத்து உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள்.

*

இரண்டும் பெண் என்று கடையில் சொன்னார்கள். இன்று காலை மூன்று கினிப்பன்றிக் குட்டிகள், கண் திறந்து, முடியோடு ஓடுகின்றன! குட்டிகளா, யாராவது கொண்டுவந்து விட்டார்களா?
— வாசகி, புதுச்சேரி

குட்டிகள்தான், வாழ்த்துகள். கினிப்பன்றிச் சினை ஏறக்குறைய இரண்டு மாதம் என்பதால் முழுசாக வளர்ந்தே பிறக்கும். எனக்கும் ஒரு கடையில் இதே "இரண்டும் பெண்" கதை நடந்தது, ஆகவே புரிகிறது. உங்கள் இரண்டில் ஒன்று ஆணாக இருக்கலாம், இல்லையேல் தாய் கடையிலேயே சினையாகியிருக்கலாம். எதற்கும் குட்டி போடாத மற்றதை இந்த நிமிடமே வேறு கூண்டுக்கு மாற்றுங்கள், அது ஆணென்றால் பெற்ற சில மணி நேரத்திலேயே தாய் மறுபடி சினையாகிவிடும். குட்டிகளில் ஆண் இருந்தால் மூன்று வாரத்தில் பிரித்துத் தந்தையோடு விடுங்கள். இனி வாங்குகிறவர்கள் கடையில் சொல்வதை நம்பாமல் மருத்துவரிடம் காட்டி ஆணா பெண்ணா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவர் என்றதும் நினைவுக்கு வருகிறது. காய்ச்சல், சளி என்று குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப்பை இவற்றுக்குப் புகட்டாதீர்கள். கினிப்பன்றி, ஹாம்ஸ்டர் இரண்டின் குடலிலும் உள்ள நல்ல நுண்ணுயிர்களை அது அழித்து, உயிரையே எடுத்துவிடும். நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவராக இருந்தால் இதை நீங்களே அவருக்கு நினைவூட்டலாம், தப்பில்லை.

*

ஹாம்ஸ்டரை உள்ளே விட்டு உருட்டும் பிளாஸ்டிக் பந்து வாங்கலாமா?
— வாசகர், சேலம்

வேண்டாம். காற்றோட்டம் குறைவு, நிற்க நினைத்தாலும் நிற்க முடியாது, சுவரில் மோதும். கினிப்பன்றிக்குப் பந்தும் ஆகாது, சக்கரமும் ஆகாது. அதன் முதுகெலும்பு அதற்கு வளையாது.

*

முயலும் கொறிவிலங்குதானே? அதைப் பற்றி ஏன் எழுதவில்லை?
— வாசகி, கும்பகோணம்

இல்லை. முயலுக்கு மேல்வாயில் முன்பற்களுக்குப் பின்னால் இன்னொரு சிறு ஜோடிப் பல் உண்டு, இனமே தனி. கினிப்பன்றியோடு ஒரே கூண்டில் விடவும் வேண்டாம், உதைத்தே காயப்படுத்திவிடும்.

*

நேற்று உறைபனி. காலையில் ஹாம்ஸ்டர் விறைத்துக் கிடந்தது. புதைக்கக் குழி தோண்டிவிட்டார் என் கணவர். எனக்கு மனம் வரவில்லை, பெட்டியில் வைத்திருக்கிறேன்.
— வாசகி, உதகமண்டலம் (தொலைபேசியில் கேட்டது)

நல்ல வேளை கேட்டீர்கள். கடுங்குளிரில் ஹாம்ஸ்டர் உறக்கநிலைக்குப் போய்விடும். உடல் சில்லிடும், மூச்சு நிமிடத்துக்கு ஒன்றிரண்டாகக் குறையும், செத்ததுபோலவே இருக்கும். மீசையை உற்றுப் பாருங்கள், இலேசாகத் துடிக்கிறதா? உள்ளங்கையில் வைத்து, மேல்சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். அடுப்பருகே, ஹீட்டர் முன்னால் வைத்துச் சட்டென்று சூடேற்றாதீர்கள். அசையத் தொடங்கினால் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு உதட்டில் தடவுங்கள், வாய்க்குள் ஊற்ற வேண்டாம். பிறகு மருத்துவரிடம் காட்டுங்கள். கூண்டை வெளிச்சுவர் ஓரத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றி, படுக்கையை இரண்டு மடங்காக்குங்கள். விழிக்கச் சில மணி நேரம் ஆகலாம். குழி அப்படியே இருக்கட்டும், மாலைவரை மண்ணைத் தள்ள வேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள்.